வைக்கோல் போரில் பனிமலை ஒத்திகை

வாங்க, வாங்க! பார்த்து, படி கொஞ்சம் குறுகல். தஞ்சாவூர் தெற்கு வீதியில் இருக்கும் இந்த மொட்டை மாடியில் வழக்கமாக வடாம்தான் காயும். இன்று பாருங்கள்: பனிக்கோடரி, ஹெல்மெட், கயிற்றுச் சுருள், பூட்ஸுக்கு அடியில் மாட்டும் பன்னிரண்டு பல் கிராம்பான்! தொட்டாலே கை சிலிர்க்கிறது.

நாங்கள் ஏறப்போவது லடாக்கில் உள்ள காங் யாட்ஸே-2. உயரம் சுமார் 6,200 மீட்டர். பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி என்று வைத்துக்கொண்டால், 94 விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்! காவிரிப் பிள்ளைகள் ஐந்து பேர், லே நகரிலிருந்து வரும் வழிகாட்டிகள் இரண்டு பேர். 2023இல் விருதுநகர்ப் பெண் முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட்டைத் தொட்டபோது எங்களுக்குள் விழுந்த விதை இது.

முதல் கேள்வி, எப்போது போவது? அங்கே ஏறுவதற்கு நல்ல பருவம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. இங்கேயோ வயலை விட்டு நகர முடியாத மாதங்கள். எங்களில் இருவர் விவசாயிகள். ஒருவர்தான் வழி சொன்னார்: “பதினெட்டாம் பெருக்கு கழிச்சு சம்பாவுக்கு நாத்து விடுவோம். பறிக்க ஒரு மாசம் ஆகும்ல? அதுக்குள்ள மலைக்குப் போய்ட்டு நடவுக்கு வந்து நின்னுடலாம்.” மாடியே கைதட்டியது!

அடுத்தது பயிற்சி. டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? சுவாமிமலைகூடக் கட்டுமலைதான், அறுபதே படி. அதனால் ஞாயிறு தோறும் திருச்சி மலைக்கோட்டை. உச்சிக்குப் போகும் அந்த ஓர் இரவில் மட்டும் 1,100 மீட்டர் ஏற வேண்டும். 83 மீட்டர் மலைக்கோட்டையைப் பதின்மூன்று முறை ஏறிய கணக்கு!

கயிற்றுப் பயிற்சிக்கு வரப்பைவிடச் சிறந்த இடம் உண்டா? பனியாற்றில் பிளவுகள் பனிக்கு அடியில் மறைந்திருக்கும். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க எல்லாரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு போவார்கள். கயிறு தொய்யவும் கூடாது, முன்னால் போகிறவரை இழுக்கவும் கூடாது. ஒற்றை வரப்பில் ஐவரும் அப்படியே நடந்து பழகுகிறோம். சரிந்தால் கோடரியை ஊன்றி நிற்கும் வித்தைக்கு வைக்கோல் போர்! உச்சியிலிருந்து சறுக்குவோம், புரண்டு குப்புறப் படுத்து, கையிலுள்ள கம்பை நெஞ்சோடு அணைத்து ஊன்றுவோம். தெருப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள்.

இப்போது சமையற்கட்டு ரகசியம். 5,000 மீட்டருக்கு மேலே தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். பொன்னி அரிசி எவ்வளவு கொதித்தாலும் நறுக்கரிசியாகவே நிற்கும். ஆகவே பிரஷர் குக்கர் வருகிறது! வேகவைக்கவே வேண்டாத அவல், அம்மா கிண்டிய புளிக்காய்ச்சல், கடலை உருண்டை எல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது.

எங்கள் நோட்டுப் புத்தகத்தில் அதிகப் பக்கம் பிடித்தது மூச்சுதான். உச்சியில் காற்றழுத்தம் இங்கிருப்பதில் பாதிகூட இல்லை. அவசரமாக ஏறினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து. அதனால் 3,500 மீட்டர் உயர லேயில் மூன்று நாள் தங்கல். பிறகும் படுக்கும் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவோம். உச்சிக்கு நள்ளிரவில், பனி இறுகியிருக்கும்போது கிளம்புவோம். வெயில் ஏறிப் பனி இளகுவதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும்.

திரும்பு என்று சொல்கிற அதிகாரம் வழிகாட்டிக்கு மட்டும்தான். மதகைத் திறந்து மூடும் லஸ்கர் தண்ணீருக்கு எப்படியோ, பனிக்கு அவர். உச்சி பத்தடியில் இருந்தாலும் அவர் சொன்னால் திரும்பிவிடுவோம் என்று ஐவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

நோட்டின் கடைசி வரியை மட்டும் காட்டுகிறேன். உச்சி தொடும் நாள் என்று நினைத்தீர்களா? இல்லை: “நாற்றுப் பறி. ஐந்து பேரும் வயலில்.”