பால் குளிரப் பனிக்கட்டி உருக வேண்டும்

கறந்த பாலின் வெப்பநிலை ஏறக்குறைய 35 டிகிரி சென்டிகிரேடு ஆகும். அந்நிலையில் பல நுண்ணுயிர்கள் அரை மணி நேரத்திற்குள் இருமடங்காகப் பெருக வல்லவை. ஆதலின் பாலை விரைவாக 4 டிகிரிக்குக் குளிர்வித்தல் இன்றியமையாதது. சிற்றூர்ச் சேகரிப்பு நிலையங்களில் இதற்குக் குறுக்கே நிற்பது மின்வெட்டு. பால் வரும் வேளையில் மின்சாரம் இராது. மின்சாரம் வரும் நள்ளிரவில் பால் இராது. டீசல் எந்திரத்தை ஓட்டினால் செலவு மிகும். ஓட்டாவிடில் பால் திரிந்து, மாடு வளர்ப்போரின் ஒரு வேளை வருவாய் அழியும்.

இச்சிக்கலுக்குப் புனே நகரில் ஒரு தீர்வு உருப்பெற்றது. சோரின் கிராமா, சாம் ஒயிட் என்னும் இருவர் 2007-ல் அமெரிக்காவில் தொடங்கிய புரொமீதியன் நிறுவனம், முதலில் சூரிய மின்சாரத்தால் பாலைக் குளிர்விக்க முயன்று, பின்னர் அவ்வழியைக் கைவிட்டது. மின்சாரம் உள்ளபோது குளிரைச் சேமித்து, பால் வந்ததும் அதனைச் செலவிடும் ‘வெப்ப பாட்டரி’யைப் புனேயிலிருந்து செய்தளிக்கலாயிற்று. தமிழ்நாட்டின் ஹட்சன் பால் நிறுவனம் அதனைத் தொடக்கத்திலேயே வாங்கியோருள் ஒன்றாகும்.

குளிரைச் சேமிப்பது, உறைந்து உருகும் நிலைமாறு பொருள். அவற்றுள் மலிவானது நீரே. ஒரு கிலோகிராம் பனிக்கட்டி, தன் வெப்பநிலை சிறிதும் உயராமல், உருகுதற்கு மட்டும் 334 கிலோஜூல் வெப்பத்தை உட்கொள்ளும். 500 லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொணர ஏறத்தாழ 62,000 கிலோஜூல் அகற்ற வேண்டும். அதற்குச் சுமார் 190 கிலோகிராம் பனிக்கட்டி போதும். கணக்கு எளிது. ஆனால் அவ்வளவும் ஒரு மணி நேரத்தில் உருகியாக வேண்டுமே, அங்கேதான் இடர்ப்பாடு.

சோதனைக் குழாயின் அடியில் பனிக்கட்டியைக் கம்பிவலையால் அமிழ்த்தி, மேலேயுள்ள நீரைக் கொதிக்கவிடும் சோதனையை ஆசிரியர்கள் அறிவர். மேலே நீர் கொதிக்கும். கீழே கட்டி உருகாது கிடக்கும். அசையா நீர் அத்துணை அரிதிற்கடத்தி. வெப்பம் கொணரும் குழாயைச் சுற்றிப் பனிக்கட்டி உருகியதும், அந்த நீரே குழாய்க்கும் எஞ்சிய கட்டிக்கும் இடையே திரையாகி விடுகிறது. திரை ஒரு சென்டிமீட்டர் தடிப்பும், வெப்பநிலை வேறுபாடு 10 டிகிரியும் ஆயின், ஒரு சதுர மீட்டர் வழியே 600 வாட் மட்டுமே செல்லும். மேற்கூறிய பாலுக்கு 17 கிலோவாட் தேவை. அதாவது 29 சதுர மீட்டர் பரப்பு! திரையை இரண்டரை மில்லிமீட்டராகக் குறைத்தால் 7 சதுர மீட்டர் போதும். குழாய்களை நெருக்கி அமைப்பதன் பயன் இதுவே.

உருகிய நீர் தானே சுழன்று வெப்பத்தை எடுத்துச் செல்லாதா எனலாம். செல்லும், ஆயினும் நீரின் அடர்த்தி 4 டிகிரியில் உச்சமாதலால், பனிக்கட்டியின் அருகே அச்சுழற்சி தளர்கிறது. குளத்து மீனைக் குளிர்காலத்தில் காப்பதாக நாம் கற்பிக்கும் அதே இயல்பு இங்கே இடையூறாகிறது.

நீரைவிட இடர் தருவது பாரஃபின் மெழுகு. அதன் கடத்துதிறன் நீரினதில் மூன்றில் ஒரு பங்கே. அலுமினியம் அதனினும் ஆயிரம் மடங்கு கடத்துமாதலின், குழாயில் மெல்லிய தகடுகளைச் சிறகுபோல் பொருத்துவர். கிராஃபைட்டின் நுண்துளைகளில் மெழுகை ஊறவைப்பதும் உண்டு. தகடுகளை மிக நெருக்கினால் உருகிய மெழுகின் சுழற்சி தடைப்படும். நுண்பொடிகளைக் கலப்பது பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் அவை திரவத்தைத் தடிப்பாக்குவதோடு, பலமுறை உறைந்துருகியபின் அடியிலும் படிகின்றன. ஊர்ப்புறத் தொட்டிக்கு அது உகந்ததன்று.

பனிக்கட்டியைப் பொறுத்தவரை, குழாயின் வெளியே நீரை ஒரு சிறு பம்பினால் ஓடவிட்டு, அந்நீர் கட்டியை நேரே தழுவச் செய்வதே சிறந்த வழி. அப்போது இடையே திரை தேங்காது. குளிர்பதன எந்திரம் நின்றிருக்கும் மின்வெட்டின்போதும், அப்பம்பை ஓட்டச் சிறு மின்கலமே போதும்.