சீறுற பூனைக்கு முதல்ல ஒரு அட்டைப் பெட்டி கொடுங்க

அடையாறு தியாசாபிகல் சொசைட்டி வளாகத்துல இருக்கிற பெசன்ட் மெமோரியல் அனிமல் டிஸ்பென்சரி, 1959-ல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ் மாதிரி காப்பகங்களுக்குப் போனா, கூண்டு மூலையில காதை மடக்கிக்கிட்டு சீறுற பூனை ஒண்ணு கண்டிப்பா இருக்கும். "இது ரொம்ப கோபக்காரப் பூனை"ன்னு சொல்லிடுவோம். அது கோபம் இல்ல, பயம். ஓட வழி இல்லாததால கிட்ட வராதேன்னு சொல்லுது.

அதனால முதல் வேலை ஒளிய இடம் தர்றது. 2014-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் காப்பகத்துக்குப் புதுசா வந்த 19 பூனைகளைக் கவனிச்சது. பெட்டி கிடைச்ச பூனைகள் மற்றதைவிட சீக்கிரமே பதற்றம் குறைஞ்சு தெளிஞ்சன. அமேசான் டப்பாவே போதும், காசு செலவில்ல.

அடுத்தது சாப்பாடு. தினமும் அதே நேரத்துக்கு, அதே ஆள், உப்பு போடாம வேகவெச்ச மத்தி மீன். வெச்சுட்டு ஓடாம, கொஞ்சம் தள்ளி பக்கவாட்டில் திரும்பி உட்காரணும். போன் பாத்துட்டே இருந்தாலும் பரவாயில்ல (நமக்கு இதுல பயிற்சி தேவையில்ல). முறைச்சுப் பார்க்கிறது பூனை பாஷையில மிரட்டல். கண்ணை மெதுவா பாதி மூடித் திறந்தா, பழக்கமில்லாத ஆள்கிட்டகூட பூனை நெருங்கி வர வாய்ப்பு கூடுதுன்னு 2020-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டுச்சு. தட்டை நாளுக்கு நாள் நம்ம பக்கம் நகர்த்தணும். நம்ம முன்னாடியே சாப்பிட ஆரம்பிச்ச பிறகுதான் விரலை மூக்குக்கு நேரா நீட்டணும். அதுவா உரசினா கன்னத்தைத் தடவலாம், வயித்தைத் தொடவே கூடாது.

எவ்வளவு நாள் ஆகும்? அது வயசைப் பொறுத்தது. பிறந்து 2-லிருந்து 7 வாரத்துக்குள்ள மனுஷக் கை பட்ட குட்டி சுலபமா பழகிடும். தி.நகர் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தொலைஞ்ச வீட்டுப் பூனையும் சில வாரத்துல பழைய ஞாபகத்துக்கு வந்துடும். ஆனா நொச்சிக்குப்பம் மீன் கடைகளைச் சுத்தியே வளர்ந்து, யார் கையும் படாத 3 வயசுப் பூனைக்கு மாசக்கணக்குல கூண்டு தண்டனைதான். அதுக்கு கருத்தடை, ரேபிஸ் தடுப்பூசி ரெண்டையும் முடிச்சு, அடையாளத்துக்கு காது நுனியை வெட்டி, பிடிச்ச இடத்துலயே விடுறதுதான் சரி. "தத்து கொடுக்கலையா?"ன்னு கேட்கிறவங்களுக்கு இது புரியறது கஷ்டம்.

வாலன்டியரா போறவங்களுக்கு ஒண்ணு: கீறினாலோ கடிச்சாலோ ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. அன்னிக்கே ராயப்பேட்டை ஜி.எச். மாதிரி அரசு மருத்துவமனைக்குப் போங்க, ரேபிஸ் ஊசி அங்க இலவசம்.