நாவல் எழுத ஆசையா? ஒரே நாவலை மூன்று முறை படியுங்கள்!

நாவல் எழுதக் கற்றுக்கொள்ள நல்ல நாவல்களைவிடச் சிறந்த வாத்தியார் இல்லை. ஆனால் கதை தெரிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டால் அந்த வாத்தியார் வாய் திறக்கமாட்டார். முதல் முறை கதைக்காகப் படிக்கலாம். இரண்டாம் முறை கையில் பென்சில் வேண்டும். மூன்றாம் முறை, எழுத்தாளர் எதையெல்லாம் சொல்லாமல் விட்டார் என்று தேட வேண்டும்.

இதற்கு நான் சிபாரிசு செய்வது ஒரு சித்தூர்க்காரரை. 1946-இல் சித்தூர் மாவட்டத்தில் பிறந்த கேசவ ரெட்டி, நிஜாமாபாத் பக்கம் டிச்பள்ளியில் தொழுநோய் மருத்துவராக வேலை பார்த்தபடியே தெலுங்கில் நாவல்கள் எழுதியவர், 2015-இல் மறைந்தார். அவருடைய சிறு நாவல் ஒன்றை 'அவன் காட்டை வென்றான்' என்று ஏ.ஜி. எத்திராஜுலு தமிழில் தந்திருக்கிறார்.

கதை இவ்வளவுதான்: காட்டுக்குள் போன சினைப்பன்றி திரும்பவில்லை. பன்றி மேய்க்கும் கிழவர் ஈட்டியோடு தேடிப் போகிறார். இரண்டாம் வாசிப்பில் பொழுதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஏறக்குறைய ஓர் இரவுதான் மொத்த நாவலும். காலத்தை இப்படிச் சுருக்கியதால்தான் ஒவ்வொரு சத்தமும் நம்மைப் பதற வைக்கிறது. அடுத்து, மோதல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நரிகள் வெளிப்பகை. ஆனால் குட்டி போட்ட தாய்ப்பன்றிக்குத் தன்னைக் காக்க வந்த கிழவரும் எதிரிதான். இதில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாவலைத் தூக்கி நிறுத்துவது இந்த முடிச்சுதான். மூன்றாம் வாசிப்பில் தெரியும், கிழவருக்குப் பெயரே இல்லை என்பது. அது ஒரு குறையாகவே தோன்றவில்லையே, ஏன்? விடையை நீங்களே கண்டுபிடியுங்கள்.

பிறகு நேர் எதிரான ஒன்றை எடுங்கள். திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த மதுராந்தகம் நரேந்திராவின் 'மனோதர்மபராகம்' 2022-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. தேவதாசி மரபில் வந்த இசைக் குடும்பங்களின் வாழ்க்கையைச் சொல்லும் பெரிய நாவல் அது. சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழும் தெலுங்கும் ஒருசேரப் புழங்கும் வீடுகளில் இருப்பவர்கள் அதைத் தெலுங்கு மூலத்திலேயே படிக்கலாம். ஓர் இரவைச் சொல்ல ஒரு நடை. நீண்ட காலத்தைச் சொல்ல வேறு நடை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இந்த வித்தியாசம் உறைக்கும்.

எழுதத் துடிக்கும் தம்பி, தங்கைகளே! இந்த மாதம் புதிதாகப் பத்து நாவல் வேண்டாம். ஒன்றை எடுங்கள், மூன்று முறை படியுங்கள். அதன்பின் உங்கள் முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.