துணிக்கூரையின் மாதிரி கணினியில் ஏன் நிற்க மறுக்கிறது?

ஹந்தானை மலையடியில் இருக்கிறது பேராதனைப் பல்கலைக்கழகம். அதன் பொறியியற் பீடத்தில் படிக்கும் ஒருவர், மலை பார்க்க வருகிறவர்கள் மழைக்கு ஒதுங்க ஒரு துணிக்கூரை வடிவமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கம்பங்கள், விளிம்பில் கம்பிவடம், நடுவே பிவிசி பூசிய பொலியெஸ்டர் துணி. கணினியில் வரைந்து காற்றுச் சுமையைக் கொடுத்தால், விடைக்குப் பதில் ‘மாதிரி உறுதியற்றது’ என்ற செய்தி வருகிறது. சிலவேளை துணியின் நடுப்பகுதி பல கிலோமீற்றர் கீழே போய்விட்டதாகவும் காட்டும்.

அசைகிற புள்ளியில் இல்லாத தாங்கி ஒன்றைப் போட்டுச் செய்தியை அடக்கிவிடத் தோன்றும். அதை மட்டும் செய்யக் கூடாது. அந்தச் செய்தி பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது.

கொங்கிறீற்றுத் தளம் வளைவதை எதிர்த்துச் சுமையைத் தாங்கும். துணிக்கு அந்தத் திறன் அநேகமாக இல்லை. அதன் விறைப்பு முழுவதும் இழுத்துக் கட்டியதாலும் வடிவத்தாலும் வருவது. 10 மீற்றர் நீளமான கம்பிவடத்தை 5 கிலோநியூட்டன் இழுவையில் கட்டி நடுவில் அழுத்தினால், ஒவ்வொரு மீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 2 கிலோநியூட்டன் எதிர்ப்பு கிடைக்கும். இழுவை பூச்சியமானால் தொடக்க எதிர்ப்பும் பூச்சியம். அப்போது கணினி தீர்க்க வேண்டிய சமன்பாடுகளுக்குத் திட்டமான விடை கிடையாது.

வடிவம் இன்னும் முக்கியம். அதே 10 மீற்றர் அகலத்தில் துணி 1 மீற்றர் தொய்ந்திருந்தால் வளைவின் ஆரை 12.5 மீற்றர். சதுர மீற்றருக்கு 0.5 கிலோநியூட்டன் சுமையைத் தாங்க, துணியின் ஒவ்வொரு மீற்றர் அகலத்திலும் 6.25 கிலோநியூட்டன் இழுவை போதும். தொய்வை 5 சென்ரிமீற்றராகக் குறைத்தால் அது 125 ஆகிவிடும். சாதாரண பிவிசி துணி 60 அளவிலேயே கிழிந்துவிடும். தட்டையான துணிக்கூரை பார்க்க அழகாக இருக்கலாம், நான் அதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே முதலில் வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், சுமையெல்லாம் பிறகுதான். கட்டடக் கலைஞர் ஃபிரை ஓட்டோ சவர்க்காரப் படலங்களை வைத்து இத்தகைய வடிவங்களைத் தேடினார். 1972 மியூனிக் ஒலிம்பிக் கூரைகளில் அவர் பங்கு பெரியது. இன்று அதே தேடலை மென்பொருள் செய்கிறது. முன்னிழுவையோடு, அதாவது சுமை வருமுன்பே இழுத்துக் கட்டிய இழுவையோடு, சமநிலைக்கு வந்த வடிவத்தை எடுத்து, பெரிய இடப்பெயர்ச்சியைக் கணக்கில் கொள்ளும் நேரியல் அல்லாத முறையில், சுமையைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். 2011 உலகக் கிண்ணத்துக்காகச் சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் எழுந்த கூம்புக் கூரைகளைப் பாருங்கள். ஒரு திசையில் உட்புறமாகவும் மறு திசையில் வெளிப்புறமாகவும் துணி வளைந்திருக்கும். கீழ்நோக்கிய சுமையை ஒரு வளைவு பிடிக்கும், காற்று மேலே உறிஞ்சும்போது மற்றது பிடிக்கும்.

அதன் பிறகும் மாதிரி விழுகிறதா? சுமைகளையெல்லாம் எடுத்துவிட்டு முன்னிழுவையை மட்டும் வைத்து ஓட்டுங்கள். அப்போதே விழுந்தால் குறை இணைப்பிலோ தாங்கியிலோ இருக்கிறது. மாதிரியில் துணியின் கணுவும் (இணைப்புப் புள்ளி) கம்பிவடத்தின் கணுவும் ஒரே இடத்தில் தெரியும், ஆனால் ஒன்றோடொன்று இணைந்திருக்காது. அல்லது அடியில் சுழல விட்ட கம்பத்துக்கு ஒரு பக்கம் இழுகம்பி இல்லாமல் இருக்கும். அந்தக் கம்பம் மலையிலும் சாயும். முன்னிழுவையில் நின்று, காற்றில் மட்டும் விழுந்தால், எங்கே துணி தளர்கிறது என்று தேடுங்கள். துணி அமுக்கத்தைத் தாங்காது, சுருங்கிவிடும். கணிப்பு அந்த இடத்தில் முன்னும் பின்னும் தடுமாறும்.

மழை தனிக் கதை. படங்கு கட்டியவர்களுக்குத் தெரியும்: நடுவில் தண்ணீர் தேங்கினால் குழி ஆழமாகும், ஆழமானால் இன்னும் தேங்கும். 1 சென்ரிமீற்றர் தண்ணீர் சதுர மீற்றருக்கு 10 கிலோ. துணியின் எடையோ ஏறக்குறைய 1 கிலோதான். சுமையை மாறாததாகக் கொடுத்துவிட்டால் மென்பொருள் இந்தப் பெருக்கத்தைக் காணாது. ஒவ்வொரு முறை துணி இறங்கியதும் குழியின் நீரளவைத் திரும்பக் கணக்கிட்டு ஏற்ற வேண்டும். இறக்கம் நிற்காமல் கூடிக்கொண்டே போனால் கணிப்பு அமைப்புகளை மாற்றிப் பயனில்லை. சரிவைக் கூட்ட வேண்டும்.

பிவிசி துணி காலப்போக்கில் தளரும். அதனால் முன்னிழுவையைப் பாதியாக்கியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அங்கே விழுந்தால், வளைவைக் கூட்டுவதோடு, கம்பத்தடியில் திரும்ப முறுக்கி இறுக்க வழியும் வைக்க வேண்டும்.