உடற்பயிற்சியும் உள்ளச் சோர்வும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழமொழி. உடல் என்னும் சுவரைப் பேணினால் உள்ளம் என்னும் சித்திரமும் நிலைக்கும் என்பதை இன்றைய விஞ்ஞானம் இரசாயன மொழியில் எடுத்துச் சொல்கிறது. அதை எனக்குப் புரிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதத் தூண்டியவன் ஒரு நண்பன். முதலாண்டில் விடுதியில் என் அறையில் இருந்தவன். என்னைப் போலவே அவனும் தன் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். மாலையில் கைப்பந்து ஆட எங்களுக்கெல்லாம் முன்னால் நிற்பான். இரண்டாம் பருவத்தில் ஆட வருவதை நிறுத்தினான்; பிறகு வகுப்புக்கு வருவதை; பிறகு சாப்பிட வருவதை. பகலெல்லாம் போர்வைக்குள் கிடந்தான். 'சோம்பேறி' என்று கேலி செய்தோம். நானும் செய்தேன். ஒரு நாள் பெட்டியுடன் ஊருக்குப் போய்விட்டான். அவனுக்கு இருந்தது மனச்சோர்வு என்னும் நோய் என்பதை, சான்றிதழ் வாங்க வந்த அவன் அண்ணன் சொல்லித்தான் அறிந்தோம்.

தேர்வில் தோற்றால் வரும் வருத்தம் வேறு, இது வேறு. வருத்தம் நாளடைவில் ஆறும். எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, பசியின்மை, தன்னையே வெறுக்கும் எண்ணம் போன்றவை இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் மருத்துவர்கள் அதை நோயாகக் கருதுகிறார்கள்.

இந்நோய்க்கும் மூளையின் இரசாயனத்துக்கும் உள்ள தொடர்பு தற்செயலாகத் தெரியவந்தது. 1952இல் நியூயார்க் நகரின் ஸீ வியூ மருத்துவமனையில் இப்ரோனியாசிட் என்ற மருந்தை உட்கொண்ட காசநோயாளிகள் வழக்கத்துக்கு மாறான உற்சாகம் அடைந்தார்கள். செரட்டோனின், நார்அட்ரினலின் முதலிய செய்தி கடத்தும் பொருள்களைச் சிதைக்கும் நொதியை அம்மருந்து தடுக்கிறது என்பது விளங்கியது. உடற்பயிற்சியும் இப்பொருள்களை மூளையில் கூட்டுவதை விலங்குச் சோதனைகள் காட்டின. ஆயினும் செரட்டோனின் குறைவு ஒன்றே நோய்க்குக் காரணம் என்று இன்று அறிஞர்கள் சொல்வதில்லை. வேறு வழிகளும் உள்ளன.

செரட்டோனினுக்கு மூலப்பொருள் டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலம். நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் அது இருக்கிறது. உடல் அதில் பெரும்பகுதியைக் கைனுரெனின் என்ற பொருளாக மாற்றுகிறது. மன உளைச்சல் நீடிக்கும்போது கைனுரெனின் மிகுந்து, மூளைக்குள் புகுந்து கேடு செய்கிறது. சுவீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2014இல் எலிகளைக் கொண்டு ஓர் உண்மையைக் கண்டனர். பயிற்சியால் பழகிய தசை, கைனுரெனினைக் கைனுரெனிக் அமிலமாக மாற்றும் நொதிகளை மிகுதியாக உண்டாக்குகிறது. அந்த அமிலம் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைய முடியாது. ஆக, நம் கால் தசையே நஞ்சைப் பிரித்துவிடும் சல்லடை போல் வேலை செய்கிறது!

இன்னொரு வழி வளர்ச்சி. மூளையில் நினைவாற்றலுக்குரிய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, நெடுநாள் மனச்சோர்வுற்றவர்களிடம் சற்றுச் சுருங்கிக் காணப்படுகிறது. நரம்பணுக்களைப் பேணி வளர்க்கும் பி.டி.என்.எஃப். என்ற புரதத்தை உடற்பயிற்சி கூட்டுகிறது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்த முதியோரின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. அவர்கள் நோயாளிகள் அல்லர். எனினும் மூளை வளரக்கூடியது என்பதற்கு இது சான்று.

நோயாளிகளுக்கு உண்மையில் பயன் உண்டா? டியூக் பல்கலைக்கழகத்தார் 1999இல் வெளியிட்ட ஆய்வில் 50 வயதைக் கடந்த 156 மனச்சோர்வு நோயாளிகள் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி, ஒரு பிரிவினருக்குச் செர்ட்ராலின் மாத்திரை, ஒரு பிரிவினருக்கு இரண்டும். மாத்திரை முதலில் விரைந்து வேலை செய்தது. ஆனால் 16 வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தனர்.

இதை என் தந்தையிடம் சொன்னேன். "நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிற எங்களுக்குக் கவலையே வரக்கூடாதே!" என்று சிரித்தார். நியாயமான கேள்வி. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சியில் ஆய்வாளர்கள் காணும் பயன், பிழைப்புக்காகப் படும் பாட்டில் அவ்வாறு காணப்படவில்லை. உடல் அசைந்தால் மட்டும் போதாது. மனமும் சற்று இளைப்பாற வேண்டும் போலும்.

உடற்பயிற்சி மருத்துவருக்கு மாற்று அன்று என்பதையும் மறத்தல் கூடாது. மருந்து உண்பவர்கள் தாமாக அதை நிறுத்தக் கூடாது. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் உடனே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாட வேண்டும். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

நண்பர்களே, இந்நோயின் கொடுமை ஒன்று உண்டு. எழுந்து நடந்தால் குணம் தெரியும். எழுந்திருக்கும் விருப்பத்தையே நோய் பறித்துவிடுகிறது. ஆகவே, 'ஓடு, தேறிவிடுவாய்' என்று தனித்திருப்பவனுக்கு உபதேசம் செய்வதில் பயனில்லை. அன்று நாங்கள் கேலி பேசியதற்குப் பதிலாக, "வாடா, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம்" என்று கைகொடுத்து எழுப்பியிருக்கலாம். மருத்துவரிடமும் கூட்டிச் சென்றிருக்கலாம். உங்கள் பக்கத்து அறையில் விளையாட வருவதை நிறுத்திவிட்ட நண்பன் யாரேனும் இருந்தால், இன்று மாலையே அவன் கதவைத் தட்டுங்கள்.

இம்மலரின் பிரதி ஒன்றை என் நண்பனிடம் நேரில் கொடுக்க அவன் ஊருக்குப் போக இருக்கிறேன். அவன் இசைந்தால் இருவரும் ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருவோம்.