நேர்முகமும் ஊர்முகமும்

நம் நாட்டிலே வைத்தியராக விரும்பும் பிள்ளையை நோக்கி, "நீ ஏன் வைத்தியராக விரும்புகின்றாய்?" என்று பல்கலைக்கழகம் வினவுவதில்லை. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வருகின்றது, அதனோடு இசட் புள்ளி வருகின்றது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடம் ஒதுக்குகின்றது, பிள்ளை போகின்றது. இடங்களில் நூற்றுக்கு 40 நாடு முழுவதற்குமான திறமை வரிசையிற் செல்லும். 55 மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பப் பகிரப்படும். எஞ்சிய 5 கல்வி வசதி குன்றிய மாவட்டங்களுக்கு உரியது. இந்த ஒழுங்கிலே சுட்டெண் உண்டு, பெயர் உண்டு, மாவட்டம் உண்டு, முகம் இல்லை.

பிற நாடுகள் சிலவற்றில் அவ்வாறன்று. அங்கே புள்ளி வாயிலளவிற் கொண்டு சேர்க்கும். வாயிலைத் திறப்பது நேர்முகம். முகத்துக்கு முகம் நேராக இருந்து, "நீ யார்? எங்கே தொண்டு செய்வாய்?" என்று கேட்பார்கள். கேட்கும் கல்லூரி நாட்டுப்புறத்துக்கென்றே அமைந்த கல்லூரியாயின், அந்த வினாவின் பாரம் இரட்டிக்கும்.

சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் அவுஸ்திரேலியாவிலிருந்து கடிதம் எழுதியிருந்தார். அவர் சிட்னிவாசி. அவருடைய மகள் பாடசாலைக் கல்வியை முடித்து மருத்துவத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். வட குயீன்ஸ்லாந்திலுள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்திலிருந்து அவளுக்கு நேர்முக அழைப்பு வந்திருந்தது. "ஐயா, போவதா விடுவதா என்று வீட்டிலே மூன்று பேரும் மூன்று விதமாக நிற்கின்றோம். நீங்கள் ஒரு சொல் சொல்லவேண்டும்" என்பது கடிதத்தின் சாரம். தமிழ்ப் பண்டிதனிடத்தே மருத்துவக் கல்லூரியைப் பற்றிக் கேட்பானேன் என்று வாசகர்கள் எண்ணலாம். கேட்டவர் வைத்திய நூலைப் பற்றிக் கேட்கவில்லை. ஊரைப் பற்றியும் மெய் சொல்வதைப் பற்றியும் கேட்டார். அவை இரண்டும் எங்கள் பாடத்துக்குப் புறம்பானவையல்ல.

அந்தக் கல்லூரியின் இயல்பை முதலிற் சொல்லுதல் வேண்டும். அதன் மருத்துவ வகுப்பு 2000 ஆம் ஆண்டில் டவுன்ஸ்வில் நகரில் தொடங்கியது. டவுன்ஸ்வில் கிராமமன்று, கடற்கரையிலுள்ள பெருநகரமே. ஆயினும் கல்லூரியின் நோக்கம் அந்நகரோடு நின்றுவிடுவதன்று. அதற்கப்பால் நெடுந்தூரத்துக்கொன்றாய்ச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள், மாட்டுப் பண்ணைகள், சுரங்க ஊர்கள், டொரஸ் நீரிணைத் தீவுகள், ஆதிக்குடிகளின் குடியிருப்புகள் ஆகியவற்றுக்கு வைத்தியரை உண்டாக்குதல் அதன் குறிக்கோள். ஆறாண்டுக் கல்வியிலே மாணவர் பல வாரங்களை அத்தகைய ஊர்களிற் கழித்தல் வேண்டும். விண்ணப்பிக்கும்பொழுதே, நாட்டுப்புற மருத்துவத்தில் உனக்குள்ள நாட்டம் யாது என எழுதுவிப்பார்கள். பறக்கும் வைத்தியர் சேவை உலகில் முதன்முதல் 1928 இல் எழுந்ததும் அதே குயீன்ஸ்லாந்தின் உட்புறத்தே குளோன்கரி என்னும் ஊரிலேயாம். வைத்தியர் பறந்து செல்லவேண்டிய அளவுக்கு அங்கே ஊருக்கும் ஊருக்கும் தூரம்.

இனி, வீட்டிலுள்ள மூவர் நிலையையும் நோக்குவோம். தாய் சொல்வது: "சிட்னியிலிருந்து தரைவழியே 2,000 கிலோமீற்றருக்கு மேல். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் விடுவதா?" தந்தை சொல்வது: "புள்ளியைப் பாராமல் ஊரையும் ஆர்வத்தையும் பார்ப்பது இன்னொரு தரப்படுத்தல். இதற்குத் தப்பித்தானே இங்கு வந்தோம்?" மகள் சொல்வது: "நான் நகரத்திற் பிறந்தவள். கிராமத்தில் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. கிராமத்தை விரும்புகின்றேன் என்றால் பொய். விரும்பவில்லை என்றால் இடமில்லை. பின் எதற்குப் போவது?"

தந்தையின் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். அது வடுப்பட்ட இடத்திலிருந்து வரும் சொல். 1971 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்துக்குப் புகச் சிங்கள மொழிமூல மாணவர்க்கு 229 புள்ளி போதியதாக, தமிழ் மொழிமூல மாணவர்க்கு 250 வேண்டப்பட்டது. 1974 இல் மாவட்டப் பங்கீடும் வந்தது. அன்று தொட்டு நம்மவர் நெஞ்சிலே ஓர் எண்ணம் ஊறிவிட்டது: புள்ளி ஒன்றே நீதி, புள்ளிக்கு மேல் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அஃது அநீதியின் வேடம். அந்த எண்ணம் பிறந்த காரணத்தை யாரும் பழித்தல் இயலாது. முகம் பாராத எண்ணிலே ஒரு காவல் உண்டு. செல்வாக்குள்ளவன் மகனும் இல்லாதவன் மகளும் அங்கே ஒரே தராசில் ஏறுகின்றனர்.

ஆயினும், வேறான இரண்டை ஒன்றெனக் கொள்ளுதல் தகாது. 1971 இல் நடந்தது என்ன? ஒரே ஆசனத்துக்கு ஒருவன் பேசிய மொழி பற்றி விலை ஏற்றப்பட்டது. அந்த ஏற்றத்தால் எந்த நோயாளிக்கும் ஒரு வைத்தியர் கூடுதலாகக் கிடைத்திலர். நாட்டுப்புறக் கல்லூரி வினவுவதோ, மாணவன் எங்கிருந்து வந்தான் என்பதோடு எங்கே போவான் என்பதையும் ஆகும். முன்னையது மாணவனை நோக்கிய தடை. பின்னையது நோயாளியை நோக்கிய கணக்கு. மாவட்டப் பங்கீட்டைப் பற்றியும் ஒரு சொல்: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலரை அது வாட்டியது மெய், முல்லைத்தீவும் மன்னாரும் போன்ற இடங்களின் பிள்ளைகளுக்கு அது வழி திறந்ததும் மெய். இரண்டு மெய்களையும் ஒரு கையிற் பிடிக்கப் பழகுதல் கற்றோர்க்கு அழகு.

அந்தக் கணக்கு பலிக்கின்றதா என்றால், பலிப்பதற்குச் சான்றுண்டு. யப்பானிலே 1972 இல் ஜிச்சி மருத்துவக் கல்லூரி எழுந்தது. ஜிச்சி என்பதற்குத் தன்னாட்சி என்பது பொருள். அந்நாட்டின் 47 மாகாணங்களும் கூடி நிறுவிய கல்லூரி அது. மாகாணத்துக்கு இருவர் மூவராகப் பிள்ளைகளைத் தெரிவர்; எழுத்துப் பரீட்சையோடு நேர்முகமும் உண்டு. ஆறாண்டுக் கல்விச் செலவைக் கடனாக ஈவர். படித்தவர் தம் மாகாணம் குறிக்கும் இடங்களில், வைத்தியர் அற்ற சிற்றூர்கள் உட்பட, ஒன்பதாண்டு பணி செய்வாராயின் அக்கடன் நீங்கும். உலக சுகாதார நிறுவனமும் 2010 இலும் பின்னர் 2021 இலும் வெளியிட்ட பரிந்துரைகளில், நாட்டுப்புறப் பிள்ளைகளைச் சேர்த்தல், தலைநகருக்கு வெளியே மருத்துவக் கல்லூரிகளை அமைத்தல், படிக்கும்பொழுதே மாணவரைக் கிராமங்களிற் பழக்குதல் என்பவற்றை வற்புறுத்தியிருக்கின்றது.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் மானிப்பாயிலே இந்த வினா நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்தது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் இலங்கைக்கு வந்தார். அடுத்த ஆண்டில் மானிப்பாயில் வைத்தியப் பணியையும் வைத்திய வகுப்பையும் தொடங்கினார். நகரத்தில் அன்று, வயலும் பனையும் சூழ்ந்த கிராமத்தில். முதலில் அவர் ஆங்கிலத்திற் கற்பித்தார். கற்றவர்கள் நல்ல வைத்தியராயினர். ஆனால் ஆங்கிலம் கற்ற வைத்தியரை அரசாங்க உத்தியோகமும் வெளியூரும் அழைத்துக்கொண்டன. ஊர் பழையபடி இருந்தது. கிறீன் அதனை உன்னிப்பாக நோக்கினார். 1862 இல் விடுமுறை கழிந்து மீண்டபின் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்கு நூல் வேண்டுமே! அங்காதிபாதம், இரணவைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் என்று நூல்களைத் தமிழாக்கினார். மாணவரையும் அப்பணியிற் சேர்த்துக்கொண்டார். அவரிடம் பயின்ற அறுபதுக்கு மேற்பட்டோரில் 33 பேர் தமிழிற் பயின்றவர்கள்.

இந்த வரலாற்றைத் தமிழ்ப் பற்றுக்குச் சான்றாகவே நாம் பேசி வருகின்றோம். அது மட்டுமன்று. கிறீன் மொழியைத் தெரிந்தது ஊரை நோக்கி. நோயாளியின் மொழியிற் கற்றவன் நோயாளியின் ஊரில் நிற்பான் என்பது அவருடைய துணிவு. 1870 இல் கொழும்பில் அரசினர் மருத்துவக் கல்லூரி தோன்றியது. அதன்பின் ஒரு யாழ்ப்பாணத்து இளைஞன் முன் இரு வழிகள் இருந்தன: ஒன்று ஆங்கிலமும் கொழும்பும் உத்தியோகமும், மற்றது தமிழும் மானிப்பாயும் ஊரும். முதலாவதைத் தெரிந்தவனைக் குறைகூற முடியாது. இரண்டாவதைத் தெரிந்தவனோ தன் படலையில் நின்று பெயர் சொல்லி அழைக்கும் நோயாளியைத் தெரிந்தான். சிட்னிப் பெண்ணின் முன் நிற்பதும் அந்த இரு வழியே, கடல்தான் வேறு.

தாயின் அச்சத்துக்கு விடை சொல்லுதல் எளிது, ஆற்றுதல் அரிது. தூரம் மெய்யே. ஆனால் அப்பெண் தனித்துப் போகும் அதே தூரத்தை, நெஞ்சு வலிக்கும் கிழவரும் பிள்ளைப்பேற்றுக்கு நிற்கும் பெண்ணும் எதிர்த் திசையில் நாளும் கடக்கின்றனர். வைத்தியர் போகாத தூரத்தை நோயாளிதான் போகவேண்டியிருக்கின்றது. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணி செய்வோன் என மருத்துவத்தைத் திருவள்ளுவர் நான்காகப் பகுத்தார். நான்கும் ஓரிடத்தே கூடினாலன்றோ மருத்துவம்? ஒன்று சிட்னியிலும் மற்றொன்று பாலைநிலத்திலும் இருந்தால் எங்ஙனம் கூடும்?

இனி மகளின் ஐயம். மூன்றினுள்ளும் அதுவே மிக நேரியது. அவளுக்கு யான் எழுதியதன் சுருக்கம் இது:

"பிள்ளை, விரும்புகின்றேன் என்பதற்கும் விரும்பவில்லை என்பதற்கும் இடையே மூன்றாவது விடை ஒன்றுண்டு: 'வாழ்ந்து பார்த்ததில்லை, பார்க்க ஒருப்படுகின்றேன்.' அது மெய்யாயின் அதனைச் சொல். சொல்வதற்கு முன் உன்னை நீயே மூன்று கேள். இந்த ஓர் இடந்தான் உனக்கு வாய்க்கும், படித்தபின் பல்லாண்டு சிற்றூரில் நிற்கவேண்டும் என்றால் மனம் மகிழாவிட்டாலும் ஒப்புமா? உன் பேச்சும் வழக்கமும் அறியாத ஆதிக்குடி முதியவர் முன், மருந்து எழுதுமுன் செவிகொடுத்து இருக்கும் பொறுமை உண்டா? பக்கத்து அறையில் மூத்த வைத்தியர் இல்லாத நள்ளிரவில், தெரிந்ததைச் செய்யவும் தெரியாததைத் தெரியாது என்று தொலைபேசியிற் கேட்கவும் துணிவாயா? மூன்றுக்கும் 'முயல்வேன்' என்று நெஞ்சு சொன்னால் நேர்முகத்துக்குப் போ. மூன்றுக்கும் 'மாட்டேன்' என்று சொன்னால், மரியாதையாக ஒரு கடிதம் எழுதி அந்த இடத்தை விடு. ஏனென்றால் அது உன் இடம் மட்டுமன்று. அங்கே எங்கோ ஒரு பண்ணையில் வளர்ந்து, திரும்பிப் போகக் காத்திருக்கும் இன்னொரு பிள்ளையின் இடமுமாம்."

நேர்முகத்தில் நெஞ்சை அளக்க முடியுமா என்று கேட்பாருண்டு. முழுதும் முடியாது. நேர்முகத்துக்கும் பயிற்சி வகுப்பு நடத்தும் காலம் இது. இனிக்கப் பேசி ஏமாற்றுவோர் இருக்கவே செய்வர். அவுஸ்திரேலிய அரசு வேறொரு வழியும் வைத்திருக்கின்றது. அரச உதவி பெறும் மருத்துவ இடங்களில் நூற்றுக்கு 28.5 பங்கு ஒப்பந்தத்துக்குட்பட்டது. 2020 முதல் உள்ள விதிப்படி, அவ்விடம் பெற்றவர் 18 ஆண்டுகளுக்குள் மொத்தம் மூன்றாண்டு பெருநகர்களுக்குப் புறம்பே பணி செய்தல் வேண்டும். ஒப்பந்தம் ஆளை நிறுத்தும், மனத்தை நிறுத்தாது. மூன்றாண்டு முடிய மூட்டை கட்டுபவரும் உளர். முப்பதாண்டு இருப்பவரும் உளர். அந்த வேறுபாட்டைச் செய்வது கையொப்பமன்று, ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட விடை.

அப்பெண் போவதென்றே முடிவு செய்தாள். "நகரப் பிள்ளை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடப் போகின்றேன்" என்று எழுதியிருந்தாள். இடம் கிடைப்பது அவர்கள் கையில். அந்த முதல் வாக்கியம் அவள் கையில்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதிலே ஒரு பங்குண்டு. நம் நாட்டில் நேர்முகம் வேண்டும் என்று யான் வாதிக்கவில்லை. சிபாரிசுக் கடிதங்கள் எத்தனை வந்து குவியும் என்பதை அறிவேன். ஆனால் வைத்தியரான பின் நியமனம் வரும். தகைமை வரிசையில் முன்னிற்போர் முதலில் இடம் தெரிவர். தூரத்து ஆஸ்பத்திரிகள் கடைசிவரை காத்திருக்கும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப்பின் வைத்தியர் பலர் நாட்டையே நீங்கினர்; அந்தக் காத்திருப்பு இன்னும் நீண்டது. பெறுபேறு வந்த அன்று, "எத்தனை ஏ?" என்று கேட்கும் நாம், பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்புமுன் பிள்ளையை முன்னே இருத்தி, "எந்த ஊருக்கு?" என்றும் ஒருமுறை கேட்கலாம். அதற்குச் சட்டம் வேண்டியதில்லை; ஆணைக்குழு வேண்டியதில்லை; இரண்டு கதிரைகளும் அரைமணி நேரமும் போதும்.