திரவ வித்தும் வீட்டுக் காளான் பயிரும்

வைக்கோலைக் கொண்டு காளான் பயிரிடுவது நம் நாட்டுக்குப் புதியதன்று. கோயமுத்தூரில் கே. எம். தாமஸ் முதலிய பூசண நூல் வல்லுநர்கள் வைக்கோற் காளான் சாகுபடியைக் குறித்து 1943-ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டனர். 1948-இல் அமெரிக்காவில் ஹம்பெல்டு என்பவர் காளானின் இழையைச் சத்து நீரினுள்ளேயே வளர்த்துக் காட்டினார். அவ்வழியின் எளிய உருவமே இன்று ‘திரவ வித்து’ என்று வழங்குவது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் நஞ்சை நிலம் சுருங்கி வீட்டுமனைகள் பெருகிவிட்டன. எஞ்சிய நிலத்தின் வைக்கோலையும் ஒரு சிறு கொட்டகையையும் கொண்டு பட்டணத்துச் சந்தைக்குப் பொருள் விளைவிக்க விரும்புவோருக்குக் காளான் ஏற்றது. ஆனால் திரவ வித்தின் குணத்தோடு அதன் அபாயத்தையும் அறிந்தே இறங்க வேண்டும்.

வித்தின் இயல்பு

காளானுக்கு நெல்லைப்போல் மணி விதை இட்டுப் பயிர் செய்வதில்லை. வெண்ணிற இழை படர்ந்த சோளமே அதன் வித்து. தாய் வித்திலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சோளத்திலிட்டால், இழை அவ்வோரிடத்திலிருந்து மெல்லப் பரவும். திரவத்திலோ எண்ணற்ற இழைத் துணுக்குகள் மிதப்பதால், அதைத் தெளித்த சோளத்தில் பல இடங்களிலும் ஒருங்கே வளர்ச்சி தொடங்கும், நாட்களும் மிச்சமாகும். கிலோ சோளத்துக்கு 10 மில்லி லிட்டர் போதுமாகையால், அரை லிட்டர்ப் புட்டி ஒன்று 50 கிலோ சோளத்துக்கு வரும்.

இக்கணக்கிலேயே அபாயமும் அடங்கியுள்ளது. புட்டியில் அந்நியக் கிருமி புகுந்திருந்தால் 50 கிலோவும் ஒருங்கே கெடும். ‘விதை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா’ என்பர். அசுத்தமான திரவ வித்தை இட்டால் காளானுக்குப் பதில் பச்சைப் பூசணமே முளைக்கும்.

தயாரிக்கும் விதம்

தோல் சீவிய உருளைக்கிழங்கு 100 கிராமை நறுக்கி வேகவைத்து, நீரை வடித்து, தெளியவிட்டு, 10 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் கரைத்து அரை லிட்டராக்குக. ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் புட்டியில் இதை ஊற்றி, இழையை உடைப்பதற்கு ஒரு கோலிக்குண்டையும் இடுக. மூடியில் இரு துளைகள் வேண்டும்: காற்றுக்கான துளையைப் பஞ்சாலும், ஊசி செலுத்தும் துளையை ரப்பராலும் அடைக்க வேண்டும். பிரஷர் குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில் அரை மணி நேரம் வைத்து, முழுதும் ஆறியபின், காற்றோட்டமற்ற அறையில், அனலில் காய்ச்சிய ஊசியால் தாய் வித்தைச் செலுத்துக. நிழலில் வைத்து நாள்தோறும் அசைத்துவர, ஏறக்குறைய இரு வாரங்களில் இழை பெருகும்.

சோதனை

நல்ல திரவத்தில் வெண்மேகம் போன்ற திரள்கள் மிதக்க, இடையிலுள்ள நீர் தெளிவாயிருக்கும். நீர் முழுதும் பால்போல் கலங்கினாலும், புளித்த வாடை வீசினாலும், பச்சை, கறுப்பு நிறங்கள் தோன்றினாலும் அதைக் கொட்டிவிட வேண்டும். தெளிவாகத் தோன்றுவதையும் உடனே நம்பலாகாது. கிருமி நீக்கிய சோளப் பை ஒன்றில் மட்டும் முதலில் இட்டு, பத்து நாட்கள் பொறுத்துப் பார்த்து, வெள்ளை இழை மட்டுமே படர்ந்தால் மற்றவற்றுக்கு இடலாம். இந்தப் பத்து நாட்களைத் தாமதமென்று கருதுவோரே பிறகு ஒரு மாத உழைப்பை இழப்பர்.

திரவத்தை நேரே வைக்கோலில் ஊற்றுவது பெருந்தவறு. வெந்நீரில் பதப்படுத்திய வைக்கோலில் கிருமிகள் முற்றும் அழிவதில்லை. திரவத்திலுள்ள சர்க்கரை அவற்றுக்கு உணவாகும். ஆகையால் அரைவேக்காடாக வேகவைத்து உலர்த்தி, கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, குக்கரில் இரண்டு மணி நேரம் கிருமி நீக்கிய சோளத்துக்கே அதை இடுக. இழை படர்ந்த அச்சோளமே வைக்கோற் படுக்கைக்கு உரியது.

படுக்கையும் பருவமும்

இரண்டங்குல அளவில் நறுக்கிய வைக்கோலை நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வெந்நீரில் வேகவைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்துக. பிறகு பாலிதீன் பையில் வைக்கோலும் வித்தும் மாறி மாறி அடுக்குகளாக இடுக. 20 முதல் 28 டிகிரி வெப்பத்தை வேண்டும் சிப்பிக் காளானுக்கு மழைக்காலமும் பனிக்காலமும் தகும். சித்திரை, வைகாசியில் 30 முதல் 35 டிகிரியில் விளையும் பால் காளானே இப்பகுதிக்கு ஏற்றது. அதன் படுக்கைமேல் கிருமி நீக்கிய மண்ணைப் பரப்புதல் அவசியம்.

பூசணம் கண்ட பையைக் கொட்டகையினுள் திறவாமல் அப்புறப்படுத்துக. புதிதாய்த் தொடங்குவோர் திரூரிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் விசாரித்துப் பத்துப் படுக்கைகளோடு தொடங்குவது நலம். திரவ வித்து விற்பவர் எவராயினும், சோதனைப் பை ஒன்றில் இட்டுப் பார்த்த பின்னரே மிகுதியை வாங்குமாறு கிராம அலுவலர்கள் தம் ஊராருக்கு எடுத்துரைப்பார்களாக.